அட்லாண்டிக் எந்த வாய்க்கால்?

அன்புள்ள சண்முகம்,

நீ அனுப்பியதற்கெல்லாம் பதில் போடாமல் இருந்துவிட்டேன். திட்ட வேண்டியதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு அதே முழங்கால், அதே தைலம். சரி, விஷயம் இதுதான்: கிராம சபையில் என்னை வைத்துச் சிரித்துவிட்டார்கள். காரணம் நீ.

அட்லாண்டிக் கடல் ஓட்டம் நின்று ஐரோப்பா உறைந்துபோகும் என்று ஒருவன் கத்துகிற காணொளியை அனுப்பினாயே, அதை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தேடிப் படித்தேன். அட்லாண்டிக்கில் சூடான தண்ணீர் மேலாக வடக்கே போகிறது. கிரீன்லாந்து, நார்வே பக்கம் போனதும் குளிர்ந்து, உப்பின் கனத்தோடு அடியில் இறங்கித் தெற்கே திரும்புகிறது. இப்போது கிரீன்லாந்துப் பனி உருகி நல்ல தண்ணீர் கலக்கிறது. உப்பு குறைந்தால் கனம் குறையும். அப்புறம் எப்படி இறங்கும்? 2004லிருந்து கடலுக்குள் கருவி கட்டி இந்த ஓட்டத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள். இந்த நூற்றாண்டில் ஓட்டம் தளரும் என்பதில் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைக்குப் பெரிய சந்தேகம் இல்லை. 2100க்குள் திடீரென்று நின்றுவிடாது என்பதில் மட்டும் 'நடுத்தர நம்பிக்கை'யாம். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின நாள் உனக்கு இருந்ததே, அந்த நம்பிக்கை! 2024 அக்டோபரில் 44 விஞ்ஞானிகள், இந்த ஆபத்தைக் குறைவாக எடை போட்டுவிட்டார்கள் என்று நார்வே, சுவீடன் போன்ற நார்டிக் நாடுகளுக்குக் கடிதமே எழுதினார்கள்.

நமக்கென்ன என்பாய். ஓட்டம் தளர்ந்து வடக்கே குளிர்ந்தால் வெப்ப மண்டலத்து மழைப் பட்டை தெற்கே நகரும், தென்மேற்குப் பருவமழை மெலியும் என்றுதான் பல கணினி மாதிரிகள் காட்டுகின்றன. முன்பு வட அட்லாண்டிக் குளிர்ந்த காலங்களில் நம் பருவமழை தேய்ந்ததற்குக் குகைச் சுண்ணாம்புப் படிவுகளில் தடயம் இருக்கிறது. தென்மேற்கு ஏமாற்றினால் பாபநாசம் அணையில் ஏது தண்ணீர்? கடைமடையில் கிடக்கிற நமக்கு ஏது கார் பருவ நெல் சாகுபடி?

இதைத்தான் சுருக்கிச் சொன்னேன். மழை பொய்த்தாலும் கொட்டித் தீர்த்தாலும் யார் என்ன செய்வது என்று இப்போதே எழுதி வைப்போம் என்றேன். பின்னாலிருந்து நம்ம ஊதுவத்தி எழுந்தான். "அண்ணாச்சி, இந்த அட்லாண்டிக் வடகால்ல வருதா, தென்கால்ல வருதா?" தலைவரே மைக்கை மூடிக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்யும் என்று முந்தின வாரம் யாராவது சொல்லியிருந்தால் இவன் இதைவிடப் பலமாகச் சிரித்திருப்பான். அந்த மழைக்கும் அட்லாண்டிக்குக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட ஜனங்களும், உடைந்த குளங்களும், நம் தெருவில் கழுத்தளவு நின்ற தண்ணீரும் இத்தனை சீக்கிரம் எப்படி மறந்துபோகும்? அன்றைக்குப் படுக்கையில் கிடந்த பெரியம்மாவை எந்த மாடிக்குத் தூக்குவது என்று இருட்டில் நின்று விவாதித்தோம், சண்முகம். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

குறுக்குத்துறை முருகனைப் பார். தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே கோயில். வெள்ளம் வருமா வராதா என்று அங்கே யாரும் பட்டிமன்றம் வைப்பதில்லை. தண்ணீர் ஏறினால் உற்சவர் மேலக்கோயிலுக்குப் போய்விடுவார். வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை. நமக்கும் அந்த மாதிரி ஒரு ஏற்பாடு போதும். ராத்திரியில் மடையைத் திறப்பது யார், குளத்து உபரித் தண்ணீர் போகிற மறுகாலில் மண்டியிருக்கிற சீமைக்கருவேலத்தை எப்போது வெட்டுவது, மழை தவறினால் மாட்டுக்கு வைக்கோல் எங்கே, குறுகிய கால நெல் விதை யாரிடம். கடல் ஓட்டம் நின்றாலும் நிற்காவிட்டாலும் இதில் ஒன்றும் வீணாகாது.

கடைசியில் வார்டு உறுப்பினரம்மா ஒருவர்தான் என் பக்கம் பேசினார். பள்ளிக்கூட மாடிச் சாவி ஊருக்குள் இருவரிடம் இருக்க வேண்டும், மழைக்கு முன் மறுகாலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. மற்றதெல்லாம் அடுத்த கூட்டத்துக்காம். ஊதுவத்தியும் கையெழுத்துப் போட்டான், டீ வந்த பிறகு.

உன் மகன் பெர்கனில்தானே இருக்கிறான்? நெருக்கடி வந்தால் ஒரு வாரம் சமாளிக்க வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நார்வே அரசு 2024இல் வீடு வீடாகச் சிற்றேடு அனுப்பியிருக்கிறது. அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல். பாஷை புரியாவிட்டால் பரவாயில்லை, அவனே தமிழில் நாலு வரி எழுதட்டும். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் வேண்டும்.

அன்புடன்,
முத்தையா