மூன்றாவது லயத்து ஆச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து உறவுகளுக்கு வணக்கம்.

நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. நீங்கள் எல்லோரும் கூடவே இருந்தீர்கள். அப்பா நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். ஒரு டம்ளர் கட்டன் சாயா குடித்தார். உடனே கொல்லைப்பக்கம் கூட்டிப் போகச் சொன்னார். தொட்டியில் வளர்க்கும் மேப்பிள் மரத்தைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு நெஞ்சு அடைத்தது. 32 நாட்களாக அந்த மரத்தை நான் நினைக்கவே இல்லை.

அப்பாவைப் போர்வையோடு ஜீப்புக்குத் தூக்கி வந்த தம்பிகள், கொட்டுகிற மழையில் போடிமெட்டு இறக்கத்தை நிதானமாக ஓட்டித் தேனியில் சேர்த்த டிரைவர் அண்ணன், ரத்தம் கொடுத்தவர்கள், பிள்ளைகளுக்கு இரண்டு வேளையும் சோறு போட்ட சேச்சி: ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே வந்து கைகூப்புவேன். இந்த மடலில் ஆச்சியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஆச்சி காப்பாற்றிய அந்த மேப்பிள், அப்பா ஓய்வு பெற்ற வருடம் ஊட்டியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒட்டுக்கன்று. ஜப்பான் மேப்பிள் இலை உதிர்த்துக் குளிரில் உறங்க வேண்டிய மரம். சமவெளி வெயில் அதன் இலையைக் கருக்கிவிடும். மூணாறு சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரியில் உறைபனியும் விழுகிறது என்றுதான் அப்பா துணிந்தார். தேயிலைக்குப் பிடித்த அமில மண் இதற்கும் பிடிக்கும். நீர் தேங்குவதை மட்டும் அதன் வேர் தாங்காது. ஜூலை மழையில் தினமும் தொட்டியைச் சாய்த்துப் பார்க்கிற அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ஆச்சி, நீங்கள் ஒற்றையடிப் பாதையில் போகும்போது கவனித்திருக்கிறீர்கள். "மழை கொட்டுகிறது, இலை ஏன் வாடுகிறது?" என்று தோன்றியதாம் உங்களுக்கு. தேயிலை நாற்றங்காலில் வேலை பார்த்த கண் அல்லவா! தொட்டியைக் கவிழ்த்து மண்ணோடு மரத்தை உருவியபோது சாக்கடை வாடை அடித்தது என்றீர்கள். அடித்துளை அடைத்துக் கிடந்திருக்கிறது. கவாத்துக் கத்தியை அடுப்பு நெருப்பில் காட்டி, கறுத்துக் குழைந்த வேரையெல்லாம் அரிந்துவிட்டு, விரலுக்குக் கெட்டியாகப் பட்ட வேரை மட்டும் விட்டுவைத்தீர்கள். செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்து நட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றினீர்கள். காற்றுக்கும் வெயிலுக்கும் பெரணித் தழையால் குடை கட்டினீர்கள். எருவே போடவில்லையா என்று கேட்டேன். "காய்ச்சல்காரனுக்குக் கறிச்சோறு போடுவாயா?" என்று அதட்டினீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஒரு மாதம் இதைப் பார்த்திருக்கிறீர்கள்.

நேற்று அப்பா முன்னால் நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினீர்களே, உள்ளே அந்தப் பச்சை! மேல் கணுவில் எதிரெதிராக இரண்டு மொட்டு, அரிசி மணி அளவு, சிவப்பாக. அப்பா தொடவில்லை. தொட்டால் உதிர்ந்துவிடுமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன மரமடா இது, இலை தவளைக் கை மாதிரி இருக்கிறதே" என்றும் கேட்டீர்கள். ஜப்பானியர் இதைக் கயேடே என்கிறார்கள். தவளைக் கை என்ற அவர்களுடைய பழைய சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. கடல் கடந்த மரத்தை நீங்கள் பார்த்தவுடன் அதன் சொந்தப் பெயரால் அழைத்துவிட்டீர்கள் ஆச்சி.

பணம் நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டீர்கள். மன்னியுங்கள். மரம் நன்றாகத் தேறட்டும். இரண்டு வருடத்தில் ஒரு கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரப்பாசி வைத்துக் கட்டி விண்பதியன் போடுவேன். வேர் விட்டதும் முதல் கன்று உங்கள் வாசலுக்கு. இது சத்தியம்.

காலையிலிருந்து அப்பா அந்த இரண்டு செங்கலுக்கு எதிரே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் போடச் சொன்னார். சாயா கொதிக்கிறது ஆச்சி, வாருங்கள்.