பால் கணக்கும் பிராப்ஸும்

அன்புள்ள மச்சான்,

உன் மெயில் பார்த்தேன். மகளுக்குக் கேட்ட கோர்ஸே கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். "இந்த வயசுல உனக்கு எதுக்குடா மொபைல் ஆப்?" என்று கேட்டிருந்தாய். காரணம் என் மைத்துனர். தினமும் நாற்பது வீட்டுக்குப் பால் ஊற்றுகிறார். கணக்கெல்லாம் நோட்டில், மாதக் கடைசியில் உட்கார்ந்து கூட்டுவது நான். சலித்துப்போய், மொபைல் ஆப் எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில் இறங்கிவிட்டேன்.

நாம் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் சோறு தின்றவர்கள். பட்டனை அழுத்தினால் லேபிளின் கேப்ஷனை, அதாவது திரையில் தெரியும் எழுத்தை மாற்று, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். இங்கே லேபிளைத் தொடவே கூடாது. லிட்டர் எண்ணை மாற்றுவதோடு நம் வேலை முடிந்தது. எந்த எண்ணுக்குத் திரை எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே எழுதிவைத்திருப்போம், மிச்சத்தை ரியாக்ட் பார்த்துக்கொள்ளும். இது மண்டையில் ஏற எனக்கு இரண்டு வாரம் ஆனது.

வீட்டுக்கு ஒரு அட்டை என்று போட்டிருக்கிறேன். அந்த அட்டைதான் காம்பொனென்ட். பெயர்தான் பெரிது, உள்ளே பார்த்தால் வெறும் ஃபங்ஷன், ஒரு சின்ன நிரல் துண்டு. வீட்டுப் பெயரையும் லிட்டரையும் கொடுத்தால் திரையில் வர வேண்டிய துண்டைத் திருப்பித் தருகிறது. மேலிருந்து வருவது பிராப்ஸ். அட்டை அதை வாசிக்கலாம், மாற்றக் கூடாது. தானே வைத்துக்கொண்டு மாற்றுவது ஸ்டேட்.

நான் சறுக்கியது அங்கேதான். லிட்டரை ஒவ்வொரு அட்டைக்குள்ளும் ஸ்டேட்டாக வைத்தேன். பிளஸ் பட்டனை அழுத்தினால் அட்டையில் அரை லிட்டர் கூடுகிறது, மேலே 'இன்றைய மொத்தம்' அசையவில்லை. அட்டை தனக்குள் வைத்திருப்பது மேலே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் மொத்தக் கணக்கையும், எல்லா அட்டைகளையும் தனக்குள் வைத்திருக்கும் தாய்க் காம்பொனென்டுக்கு ஏற்றினேன். லிட்டரும், கூட்டுவதற்கான ஃபங்ஷனும் பிராப்ஸாக அட்டைக்கு இறங்குகின்றன. அட்டை அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, மேலே எண் மாறுகிறது, இரண்டு இடமும் சேர்ந்து மாறுகின்றன.

அப்புறம் ஒரு ராத்திரி முழுக்கத் தின்றது இது. புது வீடு ஒன்றைப் பட்டியலின் கடைசியில் சேர்த்தேன் (புஷ்). நிரல் எழுதுபவன் சோதித்துப் பார்க்கும் கன்சோலில் 41 வருகிறது, திரையில் 40 தான். ரியாக்ட் பட்டியலைத் திறந்து எண்ணிப் பார்ப்பதில்லையாம். அதே பட்டியலா, வேறா என்று மட்டும் பார்க்கிறது. பழையதிலேயே சேர்த்ததால், எதுவும் மாறவில்லை என்று சும்மா இருந்துவிட்டது. பழையதை நகலெடுத்துப் புதிய பட்டியலாகக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

கீ விஷயமும் அப்படித்தான். எந்த அட்டை எது என்று ரியாக்ட் அடையாளம் காண ஒவ்வொன்றுக்கும் கொடுப்பது கீ. வரிசை எண்ணையே கீயாகக் கொடுத்திருந்தேன். மூன்றாவது வீட்டை நீக்கினால், அதன் பெட்டியில் பாதி தட்டியிருந்த 'ஊருக்குப் போயிருக்கிறார்கள்' என்ற குறிப்பு அடுத்த வீட்டுக்குப் போய் ஒட்டிக்கொண்டது! இப்போது வீட்டுக்கு ஒரு நிரந்தர எண்.

நீயும் தொடங்கினால் ஒன்று சொல்கிறேன். பழைய பாடங்களைப் பார்க்காதே. 2019-ல் ஹூக்ஸ் (ஃபங்ஷனுக்குள்ளேயே ஸ்டேட் வைத்துக்கொள்ளும் வழி) வந்த பிறகு எழுதும் விதமே மாறிவிட்டது. பாடம் கிளாஸ், திஸ் என்ற பழைய பாணியில் ஆரம்பித்தால் மூடிவிட்டு வேறு பார். இன்னொன்று, நீ நினைப்பதுபோல் இது வெப் பக்கத்தை ஃபோனுக்குள் அடைத்த வேலை இல்லை. வியூ (திரையில் ஒரு பெட்டி) என்று எழுதினால் ஐஃபோனில் அந்த ஃபோனுக்குரிய வியூ, ஆண்ட்ராய்டில் அதற்குரியது. ஆனால் ஒரு எழுத்தானாலும் டெக்ஸ்ட் என்ற காம்பொனென்டுக்குள் போட வேண்டும், மறந்தால் பிழை காட்டும் சிவப்புத் திரைதான்.

மைத்துனர் இப்போது ஆப்பிலும் போடுகிறார், நோட்டிலும் எழுதுகிறார். கேட்டால், "ரெண்டும் ஒத்து வருதான்னு பாக்குறேன் மாமா" என்கிறார்.

பொங்கலுக்கு வரும்போது ஃபோனில் எக்ஸ்போ கோ என்ற ஆப்பைப் போட்டுக்கொண்டு வா. என் லேப்டாப்பில் வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினால் உன் ஃபோனிலேயே ஓடும். மொத்தம் சரியாக வருகிறதா என்று நீயும் ஒரு முறை கூட்டிப் பார்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்