உப்பாழி உலகத்துச் சாமிகள்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன வருசம் ஆடியில மொட்டமாடியில உக்காந்து விடிய விடிய பேசி எங்க அஞ்சு பேரு கையில ஒப்படைச்சீங்களே, அந்த வேலை 14 மாசத்துல முடிஞ்சிருச்சு. நாம மேசையச் சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு கேரக்டரா கதை பேசி, டைஸ் உருட்டி ஆடுற ஆட்டத்துக்காக நாமளே கற்பனையா கட்டின உலகம்தான் உப்பாழி, அதோட சாமிகள் புத்தகம் 88 பக்கத்துல 60 பிரதி அச்சாகி வந்திருக்கு, ஆட்ட மேசையில வைக்க 11 மண்சிலையும் மானாமதுரையில இருந்து பத்திரமா வந்து சேந்துருச்சு. என்ன செஞ்சோம், ஏன் அப்படி செஞ்சோம், உங்க காசு எங்க போச்சுங்கிறத இதுல எழுதுறோம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

திருப்பணின்னு பேரு வச்சது நம்ம குழுவுலயே மூத்தவரான ஐயாதான். இருக்குற சாமிய அப்படியே வச்சுக்கிட்டு இடிஞ்சு கெடக்குறத எடுத்துக் கட்டுறதுதான் இதுன்னு அவரு சொன்னதும் எல்லாரும் ஒத்துக்கிட்டோம். கோயில்ல வேலை நடக்குறப்ப பாலாலயம் பண்ணி சாமிய தற்காலிகமா ஒரு இடத்துல வைப்பாங்கல்ல, அதே மாதிரி இந்த 14 மாசமும் ஒரே பக்கத்துல மூணு சாமிய மட்டும் எழுதி வச்சு ஆட்டத்த நிறுத்தாம ஓட்டினோம். அதுக்கு ஒத்துழைச்ச எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

மொதல்ல என்ன நெலமையில இருந்துச்சுன்னு சொல்லிடுறோம். ஆறு வருசமா மூணு பேரு மாறி மாறி ஆட்டம் நடத்தினாங்க, ஒவ்வொருத்தரும் கதைக்குத் தேவைப்பட்டப்ப ஒரு சாமிய சேத்துக்கிட்டே போனாங்க, பழைய நோட்டு, போன்ல எடுத்த போட்டோ, கேரக்டரப் பத்தி எழுதி வைக்கிற தாளான கேரக்டர் ஷீட்டோட பின்பக்கம்னு எல்லாத்தையும் தேடி எண்ணிப் பாத்தா 43 சாமி. அதுல போருக்கு மட்டும் அஞ்சு, கடலுக்கு நாலு. ஆனா காய்ச்சல்ல கெடக்குற பிள்ளைக்கு ஒரு தாய் எந்தச் சாமிகிட்ட வேண்டிக்கும்னு கேட்டா அந்த 43லயும் பதில் இல்ல. அங்கதான் எங்களுக்கு உண்மையாவே வலிச்சுச்சு. சண்டைக்குப் போறவனுக்கு மட்டும் சாமி இருக்குற உலகத்துல மத்த சனம் எப்படி வாழும்?

இது நம்ம தப்பு மட்டும் இல்ல, ஆட்டம் பொறந்த வழியும் அப்படித்தான். இந்த வகை ஆட்டத்துக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல வந்துச்சு, ரெண்டே வருசத்துல 1976ல சாமிகளுக்குன்னு தனியா ஒரு புத்தகம் போட்டாங்க, அதுல ஒவ்வொரு சாமிக்கும் கவசம் எவ்வளவு, எத்தன அடி தாங்கும்னு நம்பர் இருக்கும். கேரக்டர் ஷீட்லயும் சாமிக்கு ஒரே ஒரு கட்டம்தான், ஒருத்தன எழுதிட்டா ஆயுசுக்கும் அவன்தான். பல சாமி கும்புடுற சனம் அப்படியா இருக்கு? எங்க அப்பத்தாவுக்கு குலசாமி ஒண்ணு, ஊர்ச்சாமி ஒண்ணு, எதை ஆரம்பிச்சாலும் பிள்ளையாரு, அம்மை போட்டா மாரியாத்தா, நேந்துக்கிட்டது பழனிக்கு. நீ எந்தச் சாமி கட்சின்னு அவகிட்ட கேட்டா கேள்வியே புரியாது. 1978ல வந்த ரூன்குவெஸ்ட்ங்கிற இன்னொரு ஆட்டத்துல ஒரு சாமிய கும்புடுற கூட்டத்துல சேந்து அதோட கடமைகளச் செஞ்சாத்தான் அந்தச் சாமியோட மந்திரமெல்லாம் கிடைக்கும்னு வச்சிருந்தாங்க, அந்த யோசனை நமக்கு ரொம்ப உதவுச்சு.

எங்க அஞ்சு பேரு கமிட்டி மொத மாசமே ஒரு முடிவு எடுத்துச்சு. இந்தச் சாமி எங்க குடியிருக்கு, சனம் அதுக்கு என்ன குடுக்குது, குடுக்க மறந்தா என்ன ஆகும், இந்த மூணுக்கும் பதில் சொல்ல முடியாத எந்தச் சாமியும் புத்தகத்துல ஏறாது. இத வச்சு சலிச்சதுல 43 வந்து 11ல நின்னுச்சு. இடத்த மொதல்ல கேட்டதுக்குக் காரணம் தொல்காப்பியம். காட்டுக்கு மாயோன், மலைக்கு சேயோன், வயலுக்கு வேந்தன், கடக்கரைக்கு வருணன்னு நிலத்த வச்சே சாமியச் சொல்ற முறை அதுல இருக்கு. உப்பாழியில ஒம்பது நாளைக்கு ஒருக்க கடல் ஏறி ஊருக்குள்ள வரும்னு ஆறு வருசமா ஆடிக்கிட்டு இருக்கோம், ஆனா அந்த நிலத்துல இருந்து ஒரு சாமியும் மொளைக்கல, எல்லாம் வானத்துல இருந்து எறங்கினதாவே இருந்துச்சு.

இப்ப மொளைச்சவதான் மதகுக்காரி. புத்தகத்துல அதிக பக்கம் எடுத்துக்கிட்டவ அவதான், அதுல எங்களுக்கு வருத்தமே இல்ல. நம்ம பக்கம் கண்மாய் மடையில மடைக்கருப்பு இருக்குற மாதிரி அவ ஊர் மதகுல இருக்கா. மூஞ்சி கிடையாது, ஒரு மதகுக்கல்லு, அவ்வளவுதான். எட்டாம் நாள் பொழுது சாயுறப்ப வீட்டுக்கு ஒரு ஆள் ஒரு கைப்பிடி மண்ண கொழைச்சு எடுத்துட்டு வந்து கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவுல இருக்குற சந்துல அப்பணும், ஊர்லயே வயசான பொம்பள வந்து வெரலால அமுக்கிப் பாக்கும். மறுநாள் கடல் ஏறி எறங்கினதும் எந்த வீட்டு மண்ணு கரைஞ்சு போயிருக்கோ அந்த வீட்டுக்காரங்கதான் அடுத்த ஒம்பது நாளும் மதகுக்குக் காவல். அது தண்டனை இல்ல, ஆத்தா உங்களக் கூப்புடுறான்னு சொல்லுவாங்க. பூசையே மதகு அடைக்கிற வேலை, மதகு அடைக்கிறதே பூசை. இத எழுதி முடிச்ச ராத்திரி நம்ம கமிட்டியில ஒருத்தங்க, இப்பத்தான் இந்த ஊர்ல ஆளுங்க இருக்காங்கன்னு தோணுதுன்னு சொன்னாங்க.

அவ கோயில ஒம்பது வருசத்துக்கு ஒருக்க பிரிச்சு பக்கத்து மனையில புதுசா கட்டணும்னு வச்சிருக்கோம். ஜப்பான்ல ஈசே ஆலயத்த 20 வருசத்துக்கு ஒருக்க பக்கத்து இடத்துல புதுசா கட்டி சாமிய அங்க மாத்தி வைக்கிறாங்க, 2013ல நடந்தது 62வது தடவ, அடுத்தது 2033ல. அப்பன் கட்டினத மகன் கூட நின்னு பாத்து, அடுத்த தடவ அவனே கட்டுறதால தச்சு வேலை அழியாம வருது. உப்பாழிலயும் மதகு கட்டுற கைவேலை அப்படித்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

ரெண்டாவது துருவாச்சி. வரம் கேட்டு யாரும் இவகிட்ட போறதில்ல, தாயே எங்க பக்கம் வந்துராதன்னுதான் கும்புடுவாங்க. இரும்புல புடிக்கிறதும் துரு, பயிர்ல விழுற நோயும் துரு, ரெண்டும் இவ மூச்சுதான். ரோமாபுரியில ரோபிகஸ்னு ஒரு சாமி, ஏப்ரல் 25ஆம் தேதி கோதுமைய துருநோய் அண்டாம இருக்க அதுக்கு நாய்க்குட்டி பலி குடுப்பாங்க. லத்தீன்லயும் இரும்புத் துருவுக்கும் பயிர் நோய்க்கும் ஒரே சொல்லுதான்னு தெரிஞ்சப்ப எங்களுக்கு மேலெல்லாம் சிலிர்த்துருச்சு. நாங்க பலி வைக்கல. ஒரு வளைஞ்ச ஆணியும் நோய் விழுந்த ஒரு கதிரும் ஊர் எல்லைக்கு வெளிய வச்சுட்டு திரும்பிப் பாக்காம வந்துறணும், வெளக்கு வச்ச பிறகு அவ பேரச் சொல்லக்கூடாது.

போர்ச்சாமி அஞ்சையும் எடுத்துட்டோம். இதுல சில உறுப்பினர்களுக்கு மனத்தாங்கல் இருக்குன்னு தெரியும், மறைக்க விரும்பல. எங்க நியாயம் இதுதான். சண்டை வந்தா அவனவன் தன் சாமியத்தான் கூப்புடுவான், சண்டைக்குன்னு தனியா ஒரு ஆபீஸ் தேவையில்ல. அதுக்குப் பதிலா அழைப்புன்னு ஒரு சடங்கு வச்சிருக்கோம். கிமு 396ல ரோமாபுரிக்காரங்க வேயி நகரத்த முற்றுகை போட்டப்ப அந்த ஊரு பெண் தெய்வமான ஜூனோவையே, எங்க ஊருக்கு வந்துரு, பெரிய கோயில் கட்டித் தர்றோம்னு கூப்புட்டாங்கன்னு அவங்க வரலாறு சொல்லுது. அதே மாதிரி உப்பாழியில கோட்டைய இடிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தன் சுவருக்கு முன்னாடி நின்னு எதிரியோட சாமிய மரியாதையா கூப்புடணும், குடுத்த வாக்க செயிச்ச பிறகு நெறவேத்தணும். வாள் எடுக்கத் தெரியாத கேரக்டருக்கும் போர்ல ஒரு பெரிய வேலை இப்ப இருக்கு.

சூளைச்சாமி கரிவாயன், படகுக்காரங்களோட நெட்டையன், காய்ச்சலுக்கு வேண்டிக்கிற ஈரத்துணியாத்தா, மிச்ச சாமிங்க எல்லாம் புத்தகத்துலயே இருக்கு, இங்க நீட்டல. நடுகல் பத்தி மட்டும் ஒரு வார்த்த. ஆறு வருசத்துல செத்துப்போன நம்ம 7 கேரக்டருக்கும் அவங்கவங்க விழுந்த எடத்துல கல்லு நட்டு கும்புடுறதா எழுதிட்டோம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006ல கண்டெடுத்த நடுகல்லுல மாடு கவர்ந்துட்டுப் போற சண்டையில செத்த ஒரு ஆளோட பேர தமிழ் பிராமியில வெட்டியிருக்காங்க. ரெண்டாயிரம் வருசம் கழிச்சும் அந்தப் பேர நாம வாசிக்க முடியுது. நம்ம ஆளுங்க பேரும் உப்பாழியில இருக்கணும்னு ஆசைப்பட்டோம்.

இன்னொரு விசயத்த வெளிப்படையா சொல்லணும். பழைய பட்டியல்ல நம்ம ஊர் காவல் தெய்வத்த அப்படியே எடுத்து பேர மட்டும் மாத்தி வச்ச ஒரு சாமி இருந்துச்சு, மூணு வருசத்துக்கு முந்தி ஒரு கதையில பார்ட்டியே, அதாவது நம்ம கேரக்டர் கூட்டமே, சேந்து அத அடிச்சுக் கொன்னுச்சு. அன்னைக்கு மேசையில இருந்த ஒரு தம்பிக்கு கருப்பசாமி குலதெய்வம், அவன் ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சுட்டு வந்தான். இப்ப கமிட்டி வேலையிலதான் அத வாய் தொறந்து சொன்னான். இன்னைக்கும் சனம் பொங்க வச்சுக் கும்புடுற சாமிக்கு அடி கணக்கு போட நமக்கு என்ன உரிமை இருக்கு? அந்தச் சாமிய எடுத்துட்டோம், அந்தக் கதையையும் நம்ம வரலாற்றுல இருந்து நீக்கிட்டோம். அந்தத் தம்பிகிட்ட கமிட்டி சார்பா மன்னிப்பும் கேட்டுட்டோம். இனிமே வழிபாட்டுல இருக்குற எந்தத் தெய்வத்தோட பேரையும் உருவத்தையும் அப்படியே எடுக்குறதில்லன்னு புத்தகத்தோட மொத பக்கத்துலயே போட்டிருக்கு.

சிலை வேலையில ஒரு நட்டம் ஆச்சு, அது முழுக்க எங்க தப்பு. மானாமதுரையில செஞ்சு குடுத்த வேளார் அண்ணன் உள்ள கூடு விட்டுச் செய்றேன்னுதான் சொன்னாரு. மேசையில வைக்கிறது, கனமா இருந்தாத்தான் சாயாதுன்னு நாங்கதான் உள்ளயும் மண்ண வச்சு கெட்டியா கேட்டோம். சூளை பிரிச்சப்ப 4 சிலை வெடிச்சு சில்லாக் கெடந்துச்சு. உள்ள இருந்த ஈரம் ஆவியாகி வெளிய போக வழி இல்லாம வெடிச்சிருக்கு. கரிவாயன் சிலைக்கு இடுப்புக்கு மேல ஒண்ணுமே இல்ல, அந்தப் பாதிய கையில வச்சுக்கிட்டு நாங்க நின்ன நெலமை யாருக்கும் வரக்கூடாது. அண்ணன் ஒரு வார்த்த கடிஞ்சு பேசல, கூடு விட்டு மறுபடி செஞ்சு குடுத்தாரு. பழங்கால பாபிலோன்ல சாமி சிலை செஞ்ச ஆளுங்க, இத நான் செய்யலன்னு சத்தியம் பண்ணுவாங்க, அவங்க கைய மரக்கத்தியால வெட்டுற மாதிரி ஒரு சடங்கும் உண்டு, அதத்தான் கரிவாயனோட சூளைக்காரங்களுக்கு வச்சிருக்கோம்னு அவருகிட்ட சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, இங்கயும் கண்ணு கடைசியிலதான் தம்பி தொறப்போம், அதுவரைக்கும் அது வெறும் மண்ணுன்னாரு. அத அவரு அனுமதியோட புத்தகத்துல சேத்துருக்கோம்.

அச்சுலயும் ஒரு தடங்கல். மொதல்ல வந்த 20 பிரதியில கொம்பும் காலும் வர்ற எழுத்தெல்லாம் ஒடஞ்சு, கொம்பு ஒரு பக்கம் புள்ளி வட்டத்தோட தனியா நிக்குது, கோயிலுங்கிற சொல்லே படிக்க முடியல. பக்கம் வடிவமைக்கிற சாப்ட்வேர்ல இந்திய மொழிகளுக்கான செட்டிங்க போடாம விட்டதால வந்தது. அச்சகத்துல பேசினோம், மறு அச்சுச் செலவுல பாதிய அவங்களே ஏத்துக்கிட்டாங்க.

கணக்கு. 34 உறுப்பினர் தலைக்கு 500 ரூபா குடுத்தது 17,000, மூணு பேரு கூடுதலா குடுத்தது 4,500, ஆக வரவு 21,500. அச்சுக்கு 9,600, மறு அச்சுல நம்ம பங்கு 2,400, வெடிச்ச நாலையும் சேத்து 15 சிலைக்கு 350 வீதம் 5,250, பஸ் ஆட்டோ எல்லாம் 1,180, பெயின்ட், மரப்பலகை, துணி 1,320, ஆக செலவு 19,750. மிச்சம் 1,750 பொருளாளர்கிட்ட இருக்கு, பில்லு எல்லாம் பைல்ல போட்டு வச்சிருக்கோம், யாரு வேணும்னாலும் பாக்கலாம்.

போன சனிக்கிழம புதுச் சாமிகளோட மொத செஷன் நடந்துச்சு. உப்பளத்தத் தாண்டிப் போகணும், பார்ட்டியில எல்லார்கிட்டயும் இரும்பு. எப்பவும் மொத ஆளா வாள உருவுற நம்ம தம்பி ஒருத்தன், அன்னைக்கு ஒரு நிமிசம் நிறுத்துங்கன்னு சொல்லிட்டு சட்டப்பையில இருந்து நெசமாவே ஒரு வளைஞ்ச ஆணிய எடுத்து மேப்போட ஓரத்துல வச்சான். வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்திருக்கான். வச்சுட்டு முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான், திரும்பிப் பாக்கல. மேசையில ஒரு சத்தம் இல்ல. அதுக்கப்புறந்தான் டைஸ எடுத்தோம்.

பாக்கி வேலைன்னு பாத்தா நெட்டையனோட பாட்டு இன்னும் முடியல, தை மாசத்துக்குள்ள எழுதித் தர்றோம். உங்க பிரதிய வர்ற ஞாயித்துக்கிழம வந்து வாங்கிக்கங்க, மிச்சம் 26 பிரதி இருக்கு, புதுசா ஆட வர்றவங்களுக்குக் குடுக்கலாம்னு நெனைக்கிறோம், மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க. வர்றப்ப ஆளுக்கு ஒரு கைப்பிடி மண்ணு எடுத்துட்டு வாங்க, எந்த ஊர் மண்ணா இருந்தாலும் சரி, மதகுக்காரி பலகையில சந்து இன்னும் மண்ணு அப்பாமயே இருக்கு.