அயர்லாந்தின் ஆப்பிரிக்கத் தாய்மார்

ஆசிரியர் அவர்களுக்கு,

புலம்பெயர்ந்த தாய்மார் பற்றிய கட்டுரையில் அயர்லாந்து விடுபட்டிருப்பது எனக்கு வருத்தமே. நைஜீரியாவிலிருந்தும் காங்கோவிலிருந்தும் அங்கே போன பெண்களின் கதை கட்டாயம் சொல்லப்பட வேண்டியது.

ஒரு காலத்தில் அந்த மண்ணில் பிறந்த குழந்தைக்கெல்லாம் குடியுரிமை உண்டு. குடியுரிமைக்காகவே நிறைமாத வயிற்றோடு வந்திறங்குகிறார்கள் என்று கறுப்பினப் பெண்கள்மீது பழி கிளம்பியது. 2004 ஜூன் 11 பொதுவாக்கெடுப்பில் சுமார் 79 சதவீதத்தினர் அந்த உரிமையைப் பறிக்க வாக்களித்தார்கள்.

அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் நிலை இன்னும் கொடுமை. 2000-இல் தொடங்கிய அரசுத் தங்குமிடங்களில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே அறையில் கிடந்தன. பெரும்பாலான இடங்களில் தாய் தன் கையால் சமைக்க வழியில்லை. குறித்த நேரத்தில் உணவுக்கூடத்தில் போடுவதைத்தான் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். அம்மா அடுப்பில் நிற்பதையே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் உண்டு. (எந்தத் தாய்க்கும் இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது என்பேன்.) குழந்தைக்கு வாரப்படி பல ஆண்டுகள் வெறும் 9.60 யூரோ. வேலைக்குப் போகவோ, 2018 வரை தடை.

இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பெண்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தத் தலைமுறை இன்று தன் வாயாலேயே தன் கதையைச் சொல்கிறது. அடுத்த கட்டுரையில் அவர்கள் குரலுக்கு இடம் கொடுங்கள்.

வாசகி, திருச்சி