அப்துல்லாபுரம் ஓடுபாதைக்கு முன், காட்பாடி நடைமேடையைப் பாருங்கள்

ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும்,

வணக்கம்.

சிறு ஊர்களுக்கு மானியம் தந்து விமானம் விடும் உடான் திட்டத்தில் இன்னும் 120 ஊர்களை இணைக்கப் போவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தீர்கள். ஏற்கெனவே சேர்த்தவற்றின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403-இல் விமானமே கிளம்பவில்லை. மூன்று ஆண்டு மானியக் காலம் முடிந்த பிறகும் பறந்தவை 54 மட்டுமே. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கையில் இருக்கும் கணக்கு இது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ரயில் நன்றாக ஓடும் ஊருக்கு விமான மானியம் தராதீர்கள். காட்பாடி ரயில் நிலையத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் வேலூரிலிருந்து தொடங்குங்கள்.

வேலூருக்கு வெளியூரிலிருந்து வருவோரில் பெரும்பகுதி சிஎம்சி (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று தொலைவிலிருந்து வருகிறார்கள். அப்துல்லாபுரத்தில் இருக்கும் வேலூர் விமான நிலையத்தின் குட்டை ஓடுபாதையை நம்பிப் போட்டிருப்பதோ 19 இருக்கை விமானத் திட்டம். அது கொல்கத்தா வரை போகாது. சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கி மாற வேண்டும். அந்த அளவு விமானமான டோர்னியர் 228-இன் உள்ளே கூரை உயரம் சுமார் 1.55 மீட்டர். நல்ல உடம்புக்காரரே குனிந்துதான் இருக்கைக்குப் போக முடியும். வயிற்றில் தையல் போட்டவரைக் குறுகிய படியில் ஏற்றி, அந்த இடைவழியில் எப்படி நடத்திக் கொண்டுபோவது? சென்னை விமான நிலையத்திலிருந்து வேலூருக்குச் சாலையில் மூன்று மணி நேரம்கூட ஆகாது.

செலவையும் பாருங்கள். 19 பேர் ஏறினாலும் இரண்டு விமானிகள் வேண்டும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தீயணைப்பு வண்டி ஆட்களோடு தயாராக நிற்க வேண்டும். எக்ஸ்ரே, சோதனை, காவல், வானிலைத் தகவல் எதையும் ஆள் குறைவு என்று விட முடியாது. 72 பேர் ஏறும் ஏடிஆர் விமானத்தில் பகிர்ந்துகொள்ளும் செலவை இங்கே 19 பேர் தலையில் கட்டுகிறீர்கள். பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு வேறு. மானியத்தில் மாநிலத்தின் பங்கு 20 விழுக்காடு. காவலும் தீயணைப்பும் அதற்கு மேல் இலவசமாகத் தர வேண்டும்.

சேலத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய உடான் விமான சேவை 2021-இல் நின்றது. மறுபடி விமானம் வந்தது 2023 அக்டோபரில். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த வந்தே பாரத் சேலத்திலிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. திறப்பு விழாவுக்குக் காட்டும் அவசரத்தில் கால்பங்கு இந்த ஒப்பீட்டுக்குக் காட்டியிருக்கலாமே! அடிக்கல் நாட்ட வருபவர்கள், சேவை நின்ற நாளில் ஏன் வருவதில்லை?

மானியமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கடல் நடுவே இருக்கும் லட்சத்தீவின் அகத்திக்கும், அருணாசல மலையடிவாரத்துத் தேசுவுக்கும் கொடுங்கள். மூன்று ஆண்டோடு நிறுத்தாமல் கொடுங்கள். ரயில் நன்றாக ஓடும் ஊருக்கு வேண்டாம்.

வேலூருக்கான மாநிலப் பங்கை வேறு வேலைக்குத் திருப்புங்கள். மீனம்பாக்கத்திலிருந்து சிஎம்சி வாசலுக்கு, கிழக்கிலிருந்து வரும் விமானங்களின் நேரத்துக்கு ஏற்பத் தாழ்தளப் பேருந்து விடுங்கள். காட்பாடியில் ரயில் நிற்கும் சில நிமிடங்களுக்குள் ஒரு நோயாளி, ஒரு ஸ்ட்ரெச்சர், நான்கு பைகள் எல்லாம் ஏறியாக வேண்டும். அங்கே கூடுதல் பேட்டரி வண்டியும், ஏற்றிவிட ஆட்களும் வேண்டும். ரயில்வேயோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள்.

120 ஊர்ப் பட்டியலை இறுதி செய்யும் முன், ஒவ்வொரு ஊருக்கும் ரயிலில் ஆகும் நேரம், இறங்கக்கூடிய விமான வகை, ஓர் இருக்கைக்கு ஆகும் மானியம் ஆகிய மூன்றையும் மக்கள் பார்வைக்கு வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.