தீர்ப்பு எழுதுமுன் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாவல், சிறுகதைகளில் வரும் இளவயதுப் பாத்திரங்களைப் பற்றி இலக்கியப் பக்கங்களிலும் கல்லூரிக் கருத்தரங்கத் தொகுப்புகளிலும் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டே முடிவுகளில் வந்து நிற்கின்றன. அந்தப் பையனோ பெண்ணோ வழிதவறியவர், இல்லையென்றால் சூழ்நிலைக் கைதி. இப்படி எழுதக் கதைச்சுருக்கமே போதும், புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை. மாணவர்கள் இவற்றைப் பார்த்துத்தான் எழுதப் பழகுகிறார்கள் என்ற கவலையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளியானது. மழை பெய்யும் மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரி மாணவி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். அவள் ஏன் ஏறினாள் என்பதையே பக்கம் பக்கமாக அலசுகிறார்கள். ஆனால் கதையின் முடிச்சு அதற்குப் பிறகு, வீட்டில் விழுகிறது. நடந்ததைக் கேட்ட அம்மா அலறுகிறாள், மகளை அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் என்னவென்று விசாரிக்கிறார்கள். மழையில் நனைந்துகொண்டு வந்து நிற்கிறாள், அதற்குத்தான் திட்டுகிறேன் என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சமாளிக்கிறாள் அம்மா. பிறகு மகளைக் கூட்டிப்போய் உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். அப்போதும் அந்தப் பெண்ணின் வாயில், காரில் அவன் கொடுத்த சூயிங்கம் இருக்கிறது. அதைத் துப்பச் சொல்கிறாள். அந்தப் பெண் எவ்வளவு சின்னவள், நடந்தது என்னவென்று அவளுக்கு இன்னும் முழுதாக உறைக்கவே இல்லை என்பதை இந்த ஒரு சூயிங்கம் சொல்லிவிடுகிறது. இதைக் கவனிக்காமல் 'பருவக் கோளாறு' என்று எழுதுவது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம்.

அதே நிகழ்ச்சியைப் பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார் ஜெயகாந்தன். நூலாக 1970இல் வந்தது. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதே மழை, அதே கார். ஆனால் இங்கே அம்மா சமாளிக்கவில்லை. அவள் போட்ட கூச்சலில் எல்லாருக்கும் தெரிந்துபோகிறது. மகள் கங்காவை அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். கங்காவின் பத்தாண்டுக்கும் மேலான வாழ்க்கை அந்த இரவிலிருந்து கிளை பிரிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அம்மா வாய் திறக்கும் வரிகளை மட்டும் ஒரு வகுப்பில் வாசிக்கச் செய்து பாருங்கள். இளையவர் எடுத்த முடிவு என்று நாம் பெயர் வைப்பதில் பாதிக்கு மேல், அருகில் நின்ற பெரியவர் எடுத்த முடிவு என்பது மாணவருக்கே விளங்கிவிடும்.

கங்கா தானாக எடுத்த முடிவு ஒன்று உண்டு. கட்டுரைகளில் அதற்குத்தான் இடம் கிடைப்பதில்லை. ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரின் கதையாக, நாவலுக்குள்ளேயே அந்தப் பழைய சிறுகதை ஒரு பத்திரிகையில் வருகிறது. கங்கா படிக்கிறாள். தன் அம்மா செய்யாததை அந்தக் கதையின் அம்மா செய்திருக்கிறாள். அம்மாவையும் படிக்க வைக்கிறாள். இன்னொரு பக்கம், படிக்கவைத்த வெங்கு மாமா. அவர் பார்வையில் அவள் யாருக்கும் மனைவியாக முடியாது, வைப்பாட்டியாகத்தான் இருக்க முடியும். சாமர்த்தியம் இருந்தால் அன்றைக்குக் கெடுத்தவனையே தேடிப் பிடிக்கட்டும். அவருடைய நோக்கமும் சுத்தமானதில்லை என்பது கங்காவுக்குத் தெரியும். இந்த இரண்டும் சேர்ந்துதான், அன்றைக்குக் காரில் ஏற்றிய பிரபுவைத் தேடி அவளைப் புறப்பட வைக்கின்றன. இதை விட்டுவிட்டுப் படித்தால், கெடுத்தவன் மீதே காதல் கொண்ட பேதைப் பெண்ணின் கதையாக நாவல் சுருங்கிவிடும். அப்படிச் சுருக்கி எழுதியவர்கள் குறைவில்லை.

ஆகவே, செய்ய வேண்டிய முதல் வேலை, முடிவு எடுக்கப்படும் பக்கத்தைக் கண்டுபிடித்துப் பென்சிலால் குறிப்பது. பரபரப்பான நிகழ்ச்சி நடக்கும் பக்கமும் அதுவும் ஒன்றாக இருக்காது. பெரும்பாலும் முன்னாலோ பின்னாலோ, சாதாரணமாகத் தெரியும் ஒரு உரையாடலுக்குள் இருக்கும். அடுத்து, அந்தப் பக்கம்வரை பாத்திரத்துக்குத் தெரிந்தவற்றை மட்டும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். வாசகருக்கு முடிவு தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. மாணவர் கட்டுரைகள் சறுக்குவது இங்கேதான்: நூறு பக்கம் கழித்து வரப்போகும் விளைவைக் கையில் வைத்துக்கொண்டு, இவன் யோசித்திருக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள்.

பிறகு, காசும் கூரையும் யார் கையில் என்று பார்க்க வேண்டும். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நாவலில் கூளையன் கவுண்டர் வீட்டில் ஆடு மேய்க்கும் சிறுவன். கூலி பேசுவதும் வாங்குவதும் அவன் அப்பன். அந்தக் காசு இவன் கைக்கு வருவதே இல்லை. தேங்காய் திருடியதற்காகக் கிணற்றுக்குள் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இதற்குப் பிறகும் ஏன் ஓடிப்போகவில்லை என்று கேட்கும் மாணவரிடம், ஓடினால் பண்ணயக்காரரான அந்தக் கவுண்டர் யாரிடம் போய் நிற்பார், இவன் எந்தத் திண்ணையில் படுப்பான் என்று திருப்பிக் கேட்டால் போதும். பனையும் வெயிலும் கூட்டாளிகளும் நிறைந்த அந்த மேய்ச்சல் காட்டை விட்டுப் போக அவனுக்கு மனம் வருமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். துன்பத்தை மட்டும் அடுக்கிவிட்டு, அந்தப் பிள்ளைகளின் விளையாட்டையும் சிரிப்பையும் விட்டுவிடும் கட்டுரை பாதி நாவலைத்தான் படித்திருக்கிறது.

யார் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) நாவலில் சொல்லும் குரல் 'நான்' என்றும் 'அவன்' என்றும் மாறி மாறி வருகிறது. எங்கே மாறுகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால், கதைநாயகன் சந்திரசேகரன் தன்னை எங்கே தள்ளி நின்று பார்க்கிறான் என்பது பிடிபடும். 1948 செப்டம்பரில் ஹைதராபாத்துக்குள் இந்தியப் படை நுழைந்த பிறகு, கலவரத்துக்குத் தப்பி ஓடும் அவன் ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறான். உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும் முஸ்லிம் குடும்பம் அவனையும் கலகக்காரன் என்று நினைக்கிறது. குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறுபெண் தன் உடையைக் களைந்து முன்னால் வந்து நிற்கிறாள். அவன் வெளியே ஓடுகிறான். அவன் அதிர்ச்சியைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த அறையில் முடிவெடுத்தது முதலில் அந்தப் பெண். யோசிக்க அவளுக்குச் சில நொடிகள்கூட இல்லை. பெயரோ பின்கதையோ தெரியாத பாத்திரத்தின் முடிவையும் எடை போட்டால்தான் அவன் ஓட்டத்துக்கு அர்த்தம் கிடைக்கும்.

'உளவியல் நோக்கில்' என்று தலைப்பிட்ட ஆய்வேடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் இயல் பிராய்டு, இரண்டாம் இயல் யுங், மூன்றாம் இயல் கதைச்சுருக்கம், இடையிடையே மேற்கோள் என்பதே பலவற்றின் அமைப்பு. மருத்துவர் நோயாளியிடம் கேள்வி கேட்கலாம், மறுபடி வரச் சொல்லலாம். பாத்திரத்திடம் அச்சில் இருக்கும் சொற்களைத் தவிர வேறெதுவும் இல்லை. தாழ்வு மனப்பான்மை, மனச்சிதைவு என்று முத்திரை குத்தியதும் எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றும். அன்றைக்கு, அந்த இடத்தில், ஏன் அதைச் செய்தான் என்ற கேள்வி அப்படியே கிடக்கும்.

தங்கள் நாளிதழில் நூல் மதிப்புரைக்கு இடம் குறைவு என்பதை அறிவேன். 300 சொல் மதிப்புரையிலும் ஒரே ஒரு காட்சியை எடுத்து, அங்கே அந்த இளையவருக்கு எத்தனை வழி திறந்திருந்தது, எதை யார் அடைத்தார்கள் என்று எழுத முடியும். மதிப்புரையாளர்களிடம் அதைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன். கதைச்சுருக்கத்துக்குப் போகும் இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலே போதும்.

இப்படிக்கு,
தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு),
கோயம்புத்தூர்.