ஜீன் டெஸ்டுக்கு ஓட முதல் கையில இருக்கிற ரிப்போட்டைப் பாருங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நாட்பட்ட சுவாச நோய்க்கும் பரம்பரைக்கும் தொடர்பு இருக்கெண்டு உங்கட பேப்பரில ஒரு செய்தி வந்தது, அதை வாசிச்சிட்டு இங்க பரந்தன் பக்கத்தில ஆக்கள் என்னட்ட வந்து ஜீன் டெஸ்ட் எங்க செய்யலாம், யாழ்ப்பாணத்திலயோ கொழும்பிலயோ, எவ்வளவு காசு முடியும் எண்டெல்லாம் கேக்கினம். நான் ஆஸ்பத்திரி லாப்பில கனகாலம் வேலை செய்து ஓய்வெடுத்தனான், அதாலதான் என்னட்ட வருகினம். காணி ஈடு வைச்செண்டாலும் செய்யலாம் எண்டு ஒரு பிள்ளை சொல்லேக்க எனக்கு மனம் கேக்கேல்ல, அதான் இந்தக் கடிதம்.

செய்தி பிழை எண்டு நான் சொல்லேல்ல. பரம்பரையால நேரா வாற ஒரு நுரையீரல் வருத்தம் உண்மையா இருக்கு. 1963 இல சுவீடனில லாரெல், எரிக்சன் எண்டு ரெண்டு பேர் இரத்தத்தில இருக்கிற புரதங்களைப் பிரிச்சுப் பாக்கேக்க, ஆல்பா-1 எண்ட இடத்தில வரவேண்டிய பட்டை அஞ்சு பேருக்கு வரவேயில்லை, அந்த அஞ்சு பேரில மூண்டு பேருக்கு இளவயசிலேயே நுரையீரல் பழுதாப் போயிருந்தது. ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் எண்ட அந்தப் புரதத்தை ஈரல்தான் செய்து அனுப்புது. கிருமியைக் கொல்ல வாற வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் எண்டொரு நொதியை விடும், அது எங்கட சொந்த நுரையீரலையே அரிக்காமல் பிடிச்சு வைக்கிறது இந்தப் புரதம். அது குறைஞ்ச ஆள் சிகரெட்டும் பத்தினால் சொல்லவே தேவையில்லை. ஆனா இதுக்குக் காரணமான இசட் எண்ட மரபணு மாற்றம் வட ஐரோப்பிய வழி ஆக்களிலதான் கூட, எங்கட பக்கத்து ஆக்களில மிகமிக அரிது. நாப்பத்தைஞ்சு வயசுக்குள்ள, புகையும் இல்லாமல், நுரையீரல் பழுதெண்டு டொக்டர் சொன்னாலோ, குடும்பத்தில ஈரல் வருத்தமும் சேர்ந்து இருந்தாலோ கட்டாயம் கேளுங்கோ. அப்பவும் முதல்ல பாக்கிறது அந்தப் புரதம் இரத்தத்தில எவ்வளவு இருக்கெண்டுதான், ஜீன் டெஸ்ட் அதுக்குப் பிறகுதான்.

மற்றபடி சி.ஓ.பி.டி, அதாவது மூச்சுக்குழாய் அடைபட்டு முட்டு வாற நாட்பட்ட நுரையீரல் வருத்தம், அதோட தொடர்புள்ள 82 மரபணு இடங்களை 2019 இல வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்லிச்சு, ஒவ்வொண்டும் சின்னச் சின்னப் பங்குதான், தரவில பெரும்பகுதியும் ஐரோப்பிய ஆக்களின்ர. அக்கராயனில முப்பது வருசமா பொச்சுமட்டையும் பன்னாடையும் எரிச்சு ஊதி ஊதிச் சமைச்ச ஒரு அம்மாவுக்கு அந்த லிஸ்டை வைச்சு ஒரு மருந்தும் மாத்தேலாது.

ஆனா அவவின்ர கையிலேயே ஒரு நம்பர் இருக்கு, அதைத்தான் ஒருத்தரும் பாக்கினமில்ல. எப்.பி.சி எண்டு இரத்த அணுக்களை எண்ண இரத்தம் குத்திக் குடுக்கிற அந்தத் துண்டில ஈசினோபில் எண்டொரு வரி வரும், அது ஒரு வகை வெள்ளணு. ஸ்லைட்டில சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில வைச்சால் மற்ற வெள்ளணுக்கள் ஊதா நிறத்தில கிடக்க, இது மட்டும் செம்மஞ்சள் மணிமணியா நிரம்பி, நடுவில ரெண்டு துண்டுக் கருவோட நிக்கும், ஒருக்காப் பாத்தால் மறக்கமாட்டியள். ஈசினோபில் கூடுதலா இருக்கிற சி.ஓ.பி.டி ஆளுக்குத்தான் ஸ்டீராய்ட் இழுக்கிற மருந்து நல்லா வேலை செய்யும். துண்டில வாறது வீதம், நீங்கள் பாக்கவேண்டியது எண்ணிக்கை. வெள்ளணு 7200, ஈசினோபில் 6 வீதம் எண்டால் 432. அடிக்கடி முட்டுக் கூடி ஆஸ்பத்திரிக்கு ஓடுற ஆளுக்கு இது 300 உம் அதுக்கு மேலயும் எண்டால் ஸ்டீராய்ட் உதவுற சாத்தியம் கூட, 100 க்குக் கீழ எண்டால் பிரயோசனம் குறைவு, நிமோனியா வாற ஆபத்துத்தான் கூடும். இது சி.ஓ.பி.டி க்கு மட்டுந்தான், ஆஸ்துமாக்காரர் இதை வாசிச்சிட்டு ஸ்டீராய்ட் மருந்தை நிப்பாட்டிப் போடாதேங்கோ, அது உயிராபத்து. எது எந்த வருத்தம் எண்டு தெரிய, மூச்சுக்காத்தை அளக்கிற ஸ்பைரோமெட்ரி ஊதவேணும், மூச்சுக்குழாயை விரிக்கிற சல்பியூட்டமோல் குடுத்த பிறகும் முதல் செக்கனில வாற காத்து முழுக்காத்தில 0.7 க்குக் குறைவெண்டால்தான் சி.ஓ.பி.டி எண்டு சொல்லுவினம். முந்தி காசநோய் வந்து சுகமான ஆக்களுக்கும் இப்பிடிக் குறையலாம், அதையும் டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

வன்னியில இன்னுமொரு விசயம் இருக்கு. வயலில வெறுங்காலோட நிக்கிற சனம், கொழுக்கிப்புழு மாதிரிப் புழுக்கள் இருந்தாலும் ஈசினோபில் ஏறும், அலர்ஜியில கூடுற ஐ.ஜி.ஈ எண்ட இரத்தப் புரதமும் ஏறும். அதால நம்பர் கூடின உடன அலர்ஜி எண்டு முடிவெடுக்கேலாது, புழுவையும் பாக்கவேணும், அதுவும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் எண்ட புழு இருக்கிற ஆளுக்கு ஸ்டீராய்ட் குளிசை குடுத்தால் புழு உடம்பு முழுக்கப் பெருகிப் பெரிய ஆபத்தாப் போகும். மற்றது, முட்டுக் கூடி பிரெட்னிசலோன் எண்ட ஸ்டீராய்ட் குளிசை எடுத்துக்கொண்டு இருக்கேக்க இரத்தம் குடுத்தால் ஈசினோபில் சைபருக்குக் கிட்ட வரும், அது உண்மையான கணக்கில்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஐயாவுக்கு அப்பிடித்தான் வாட்டில படுத்திருக்கேக்க எடுத்த ஒரே ரிப்போட்டை வைச்சு ஸ்டீராய்ட் மருந்தை நிப்பாட்டிப்போட்டினம், ஒரு மழைகாலத்துக்குள்ள திரும்பத் திரும்ப வாட்டுக்குத்தான் போனார். வீட்டில பழைய சொப்பிங் பையுக்குள்ள அதுக்கு முந்தின ரிப்போட்டுகள் மூண்டு மடிச்சபடி கிடந்தது, மூண்டிலயும் 400 க்கு மேல.

2024 இல அமெரிக்காவில சி.ஓ.பி.டி க்கு டுபிலுமாப் எண்ட விலைகூடின ஊசியை அனுமதிச்சதும் இதே ஈசினோபில் கூடின ஆக்களுக்குத்தான். அந்த ஊசி எங்கட சனத்துக்கு எப்ப எட்டுமோ தெரியாது, நம்பர் இண்டைக்கே இருக்கு. அதனால மாவட்டச் சுகாதாரப் பகுதியினரை உங்கட பேப்பர் மூலமாக் கேக்கிறன், சுவாச கிளினிக்குக்கு வாற ஒவ்வொருத்தரின்ர கொப்பியிலயும் முன்பக்கத்தில ஈசினோபில் எண்ணிக்கையைத் திகதியோட எழுதுங்கோ, அண்டைக்கு பிரெட்னிசலோன் எடுத்தவரோ இல்லையோ எண்டும் பக்கத்திலேயே குறியுங்கோ. சனம் பழைய ரிப்போட்டுகளை எறியாமல் கொப்பிக்குள்ள வைச்சுக் கொண்டு போகவேணும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாப் ஊழியர்,
பரந்தன், கிளிநொச்சி.